கென்யாக் காட்டில் கண்டதும் கேட்டதும்



'சபாரி' என்றவுடன் காக்கிச் சட்டையும் அகலத் தொப்பியும் கையில் துப்பாக்கியுமாக ஒரு வெள்ளைக்காரர் நம் கண்முன் வந்து நிற்பார். சினிமா செய்த வேலை அது! கிழக்கு ஆப்பிரிக்காவில் பேசப்படும் சுவாஹிலி மொழியில் 'சபாரி' என்றால் பயணம். அவ்வளவுதான். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் புறப்படும் கிழவிக்கும் அது சபாரிதான். 'சபர்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நம் மலாய் அண்டைவீட்டார் வழிப்போக்கரை 'முசாபிர்' என்கிறார்கள் அல்லவா? அதுவும் அதே வேரில் முளைத்ததே.

ஒரு செப்டம்பர் பள்ளி விடுமுறையில் ஆசிரியர்கள் பதினோரு பேர் சேர்ந்து கென்யாவுக்கு அப்படியொரு சபாரி போய்வந்தோம். மூன்று ஆண்டுகள் கூட்டுக் கட்டிச் சேர்த்த பணம் ஒன்பது நாளில் கரைந்தது. அந்த ஒன்பது நாளில் மனத்தில் பதிந்தவற்றுள் சிலவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் புறப்பாட்டைப் பற்றிச் சில வார்த்தை. கோலாலம்பூரிலிருந்து நைரோபிக்கு நேர் விமானம் இல்லை. வளைகுடா நாடு ஒன்றில் இறங்கி மாறிச் செல்ல வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது பத்து நாளுக்கு முன்பே போட்டுக்கொண்டு, அதற்கான சான்றிதழைக் கடப்பிதழோடு பத்திரமாக வைத்திருங்கள். திரும்பி வரும்போது நம் நாட்டுக் குடிநுழைவில் அதைக் கேட்பார்கள். மலேரியா மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று: நெகிழிப் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 2017 முதல் கென்யாவில் அவற்றுக்குத் தடை. நம்மவர்கள் முறுக்கையும் ஊறுகாயையும் கட்டிக்கொண்டு போகத் துணிப்பையே நல்லது!

குளிர்ந்த நீர் ஊர்

ஆப்பிரிக்கா என்றால் கொளுத்தும் வெயில் என்று எண்ணிப் போனோம். நைரோபியில் இறங்கியதும் பற்கள் தந்தியடித்தன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம் அது. நம் கேமரன் மலையின் தானா ராத்தாவைவிட உயரம். 'குளிர்ந்த நீர்' என்று பொருள்படும் மசாய் மொழிச் சொல்லே ஊர்ப் பெயராயிற்று. 1899-இல் இரயில் பாதை போட்டவர்கள் கூடாரம் அடித்த வெற்றுச் சதுப்பு நிலம்தான் இன்று வானளாவிய கட்டடங்கள் நிற்கும் தலைநகரம்.

மொழிதான் எங்களுக்குப் பெரிய வியப்பு. 'ஹபாரி?' என்று நலம் விசாரிக்கிறார்கள். நம் 'அப்பா கபார்' நினைவுக்கு வரவில்லையா? சவர்க்காரத்துக்கு 'சபுனி', நேரத்துக்கு 'வக்காத்தி'. சப்பாத்தி அவர்களுக்கும் சப்பாத்தியே. மோட்டார் வண்டியை 'காரி' என்கிறார்கள். 'காடி' என்று சொல்லிப் பழகிய எங்களுக்கு அது ஏதோ சொந்தக்காரர் வீட்டுப் பேச்சுப்போல் இருந்தது. நாங்கள் ஆசிரியர்கள் என்று தெரிந்ததும் எங்கள் ஓட்டுநர் எங்களை 'முவாலிமு' என்றே அழைக்கத் தொடங்கிவிட்டார். ஆசிரியர் என்பது அதன் பொருள். அந்த நாட்டில் அது மரியாதைச் சொல்.

நகரத்தின் ஓரத்திலேயே 1946-இல் அமைந்த நைரோபி தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு 117 சதுர கிலோமீட்டர். ஒட்டகச்சிவிங்கி ஒன்று முள்மரத்தின் கொழுந்தைக் கடித்துக்கொண்டு நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் நகரத்து மாடிக் கட்டடங்கள்! காண்டாமிருகம் மேயும் இடத்திலிருந்து பார்த்தால் மேலே விமானம் இறங்குகிறது.

அங்கே ஓரிடத்தில் சாம்பல் மேடுகளைக் காட்டினார்கள். யானைத் தந்தத்தை எரித்த சாம்பல் அது. 1989-இல் அன்றைய அதிபர் டேனியல் அராப் மோய் 12 டன் தந்தத்துக்குத் தீ மூட்டினார். 2016-இல் மீண்டும் 105 டன் எரிக்கப்பட்டது. "இவ்வளவு பணத்தையா கொளுத்தினார்கள்?" என்று எங்களில் ஒருவர் வாய்விட்டே கேட்டுவிட்டார். ஓட்டுநர் அமைதியாகச் சொன்னார்: "முவாலிமு, தந்தம் யானையின் வாயில் இருக்கும்போதுதான் அதற்கு விலை. அதைக் காட்டத்தான் எரித்தார்கள்."

விளக்குக் கட்டிய சிறுவன்

இந்தப் பூங்காவுக்கு மூன்று பக்கம் வேலி உண்டு. தென்பக்கம் திறந்தவெளி. விலங்குகள் போய்வரும் வழி அது. அந்தப் பக்கம் வாழும் மசாய் மக்களுக்கு மாடுதான் சொத்து. இரவில் சிங்கம் வந்து பட்டியில் புகுந்தால் ஒரு குடும்பத்தின் முதலே போய்விடும். கோபத்தில் அவர்கள் சிங்கத்தைக் கொல்வார்கள். யாரைக் குறை சொல்வது?

ரிச்சர்டு டுரேரே என்ற மசாய்ச் சிறுவனுக்குத் தந்தையின் மாட்டுப் பட்டியைக் காக்கும் பொறுப்பு. முதலில் தீ மூட்டிப் பார்த்தான். அந்த வெளிச்சத்தில் சிங்கத்துக்கு மாடு இன்னும் நன்றாகத் தெரிந்தது! பிறகு சோளக்கொல்லைப் பொம்மை கட்டினான். முதல் நாள் பயந்த சிங்கம் இரண்டாம் நாள் பொம்மை அசையவில்லை என்று கண்டுகொண்டது. ஒரு நாள் அவன் கைவிளக்கோடு பட்டியைச் சுற்றி நடந்தான். அன்று சிங்கம் வரவில்லை. அசையும் வெளிச்சத்துக்குத்தான் அது அஞ்சுகிறது என்று புரிந்துகொண்டான். பழைய கார் பேட்டரி, சிறு சூரியத் தகடு, மோட்டார் சைக்கிளில் சமிக்ஞை விளக்கை மின்ன வைக்கும் சிறு பெட்டி, உடைந்த கைவிளக்குகளின் குமிழ்கள் ஆகியவற்றை இணைத்துப் பட்டியைச் சுற்றி மாறி மாறி மின்னும் விளக்குகளைக் கட்டினான். சிங்கம் வருவது நின்றது. அப்போது அவனுக்கு வயது பதினொன்று! அக்கம்பக்கத்தாரும் கேட்டு வாங்கிக் கட்டினார்கள். 2013-இல் அவனை அமெரிக்காவுக்கே அழைத்து மேடையேற்றிப் பேச வைத்தார்கள்.

பெற்றோரே! உங்கள் பிள்ளை பழைய வானொலியைப் பிரித்துப் போட்டால் உடனே பிரம்பைத் தேடாதீர்கள்.

மாராவின் கரையில்

நைரோபியிலிருந்து மேற்கே போனால் பூமி பிளந்ததுபோல் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று திறக்கிறது. அந்த மலைச்சரிவுச் சாலையோரம் மிகச் சிறிய மாதாகோவில் ஒன்று நிற்கிறது. இரண்டாம் உலகப்போரில் கைதான இத்தாலியர்கள் சாலை போட்டபோது 1942-இல் கட்டியது. அதைக் கடந்து நரோக் என்னும் ஊர் வழியாக மசாய் மாரா போய்ச் சேர்ந்தோம்.

மசாய் மாரா 1,510 சதுர கிலோமீட்டர் புல்வெளி. அதற்குத் தெற்கே எல்லைக்கு அப்பால் தன்சானியாவின் செரெங்கெட்டி. மனிதன்தான் இடையில் கோடு போட்டான். விலங்குக்குக் கடப்பிதழ் ஏது? மழையும் புல்லும் போகும் பக்கம் அவை போகின்றன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்டு விலங்குகள் ஆண்டுதோறும் வட்டமாகச் சுற்றி வருகின்றன. வில்டபீஸ்டு என்றால் எப்படியிருக்கும் என்கிறீர்களா? மாட்டின் கொம்பு, ஆட்டின் தாடி, குதிரையின் வால். கடவுள் மிச்சம் மீதியை வைத்துப் படைத்தது என்று ஓட்டுநர் சிரித்தார். ஜூலை முதல் அக்டோபர் வரை அவை மாரா பக்கம் இருக்கும்.

முதல் நாள் சிங்கக் குடும்பம் ஒன்றைக் கண்டோம். வேட்டையாடிக் களைத்த பெண்சிங்கங்கள் குட்டிகளை நக்கிக்கொண்டிருந்தன. ஆண்சிங்கமோ மல்லாந்து படுத்து உறங்கியது. நாளில் இருபது மணி நேரம்வரை அது படுத்தே கிடக்குமாம். வேட்டையில் பெரும்பகுதி பெண்களுடையது. முதலில் உண்பது மட்டும் அவர்! எங்களுடன் வந்த ஆசிரியைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஆண்கள் நாங்கள் படக்கருவியைத் துடைப்பதில் மும்முரமானோம்.

இரண்டாம் நாள் மாரா ஆற்றங்கரையில் காத்திருந்தோம். எதிர்க்கரையில் கருமேகம் இறங்கியதுபோல் வில்டபீஸ்டுகள். நீரில் மரக்கட்டைபோல் முதலைகள். முதல் விலங்கு நீர்வரை வரும், முகரும், திரும்பி ஓடும். மொத்தக் கூட்டமும் திரும்பும். இப்படியே காலை போய் நடுப்பகல் ஆயிற்று. கொண்டுவந்த ரொட்டியைச் சத்தமில்லாமல் தின்றோம். பிறகு ஒரு வரிக்குதிரை இறங்கியது. அதன் பின்னால் ஒன்று, பத்து, நூறு! தூசி எழுந்து கரையை மறைத்தது. ஆறு முழுதும் தலைகள். மேட்டில் ஏற முடியாமல் சறுக்கி விழுந்தவை மீண்டும் மீண்டும் முயன்றன. ஓரிடத்தில் நீர் கொப்பளித்தது. ஒரு தலை காணாமற்போனது. மற்றவை நிற்கவில்லை.

எல்லாம் அடங்கிய பின் இக்கரையில் ஒரு தாய் மட்டும் ஆற்றைப் பார்த்தபடி நின்று கத்திக்கொண்டிருந்தது. கன்று வந்து சேரவில்லை. ஆற்றுக்குள் இரண்டடி இறங்கும், ஏறும், மறுபடி கத்தும். எங்கள் வண்டியில் யாரும் பேசவில்லை. அரைமணி நேரம் சென்றபின் அது கூட்டம் போன திசையில் மெல்ல நடந்தது. வெகு தூரத்தில் சென்றும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

யாருடைய நிலம்?

மசாய் ஊர் ஒன்றுக்கும் போனோம். முள்வேலி வட்டம், அதற்குள் மண்ணும் சாணமும் பூசிய தாழ்ந்த வீடுகள். வீட்டைக் கட்டுவது பெண்கள். சாணம் மெழுகிய தரையைப் பார்த்ததும் பழைய லயத்து வாசல் நினைவு எனக்கு வந்தது.

நாம் 'காடு' என்று படம் பிடிக்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் இவர்கள் மாடு மேய்த்த நிலம். 1904-இலும் 1911-இலும் ஆங்கிலேயர் செய்துகொண்ட ஒப்பந்தங்களால் வடக்கிலிருந்த நல்ல மேய்ச்சல் நிலம் வெள்ளைக் குடியேறிகளுக்குப் போயிற்று. 1959-இல் செரெங்கெட்டியில் வாழ்ந்த மசாய் மக்கள் வெளியேற்றப்பட்டு கொரொங்கொரோ பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். விலங்குக்கு இடம் வேண்டும் என்பது சரிதான். ஆனால் விலங்கோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவனை எழுப்பிவிட்டுத்தான் அந்த இடம் கிடைக்க வேண்டுமா? தோட்டம் துண்டாடப்பட்டு வீட்டைக் காலி செய்த குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியை நான் விளக்க வேண்டியதில்லை.

நல்ல செய்தியும் உண்டு. மாராவைச் சுற்றியுள்ள பகுதிகளில் இப்போது மசாய்க் குடும்பங்கள் தங்கள் நிலத்தை ஒன்றாகச் சேர்த்து விலங்குக் காப்பிடமாக விடுகின்றன. விடுதிக்காரர்கள் நிலத்தின் அளவுக்கு ஏற்ப வாடகை தருகிறார்கள். நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. சிங்கம் உயிரோடு இருந்தால் வாடகை வரும். அதனால் காவலும் அவர்களே.

கெரிச்சோவின் தேயிலைக்காரி

மாராவிலிருந்து வடக்கே பொமெட் வழியாகக் கெரிச்சோ சென்றோம். மலை மடிப்பெல்லாம் வெட்டிச் சீராக்கிய பச்சைக் கம்பளம். பிற்பகலில் தவறாத மழை. கென்யா உலகுக்கு அதிகமாகத் தேயிலை விற்கும் நாடுகளில் ஒன்று. அதில் பாதிக்கு மேல் சிறு விவசாயிகளின் நிலத்தில் விளைவது. மீதி பெருந்தோட்டங்கள். ஒரே மாதிரியான தொழிலாளர் வீட்டு வரிசை, எடை போடும் கொட்டகை, தூரத்தில் ஆலையின் புகை. ஊர் வேறு, காட்சி நம்முடையது!

சாலையோரம் கூடை சுமந்து நின்ற அம்மாவோடு ஓட்டுநரின் துணையால் பேசினோம். அங்கே வயதில் மூத்த பெண்களை 'மாமா' என்று மரியாதையாக அழைப்பார்கள். தாய் என்று பொருள்.

"முவாலிமு, உங்கள் தோட்டத்தில் என்ன பயிர்?"

"முன்பு பால்மரம். இப்போது பெரும்பாலும் செம்பனை, மாமா."

"இயந்திரம் வந்துவிட்டதா?"

"குலை வெட்ட இன்னும் கைதான். ஆனால் வெட்டுபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டார்."

அந்த அம்மா தலையசைத்தார். "எங்களுக்கு இயந்திரம் வந்துவிட்டது. முன்பு நானும் என் தங்கையும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பறிப்போம். இப்போது நான் மட்டும்."

பல பேர் பறிப்பதை ஓர் இயந்திரம் பறித்துவிடுகிறது. கூலி குறைவு, பேச்சு இல்லை, நோயும் இல்லை. 2023 மே மாதம் கெரிச்சோவில் தொழிலாளர்கள் கொதித்தெழுந்து இயந்திரங்களைக் கொளுத்தினார்கள். உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. கொளுத்தியது சரியென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகத் தேர்ந்தெடுத்துப் பறிக்கத் தெரிந்த விரல்களுக்கு வேறென்ன வேலை என்று யாராவது முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டாமா? விடைபெறும்போது மகள் இடைநிலைப் பள்ளியில் படிப்பதாக அந்த அம்மா சொன்னார். "அவள் கூடை சுமக்க மாட்டாள்," என்றார். நம் தோட்டத்துத் தாய்மார்கள் எத்தனை பேர் வாயில் இதைக் கேட்டிருக்கிறேன்!

சாவோவின் சிங்கங்களும் இரயில் பாதையும்

நைரோபிக்குத் திரும்பி 2017-இல் தொடங்கிய புதிய இரயிலில் கிழக்கே புறப்பட்டோம். சாவோ காட்டின் ஊடே பாதை செல்கிறது. யானைகள் கீழே கடந்துபோக உயரமான பாலங்கள் விட்டிருக்கிறார்கள். சன்னலோரம் இருந்த ஆசிரியை திடீரென்று கத்தினார்: "செங்கல் நிறத்தில் யானை!" ஆமாம், அங்குள்ள செம்மண்ணை வாரிப் பூசிக்கொண்டு யானைகள் சிவப்பாகவே நிற்கின்றன.

இப்பாதைக்குப் பக்கத்தில் செல்லும் பழைய பாதையின் கதையை நீங்கள் அறிய வேண்டும். மொம்பாசாவில் 1896-இல் தொடங்கி 1901-இல் விக்டோரியா ஏரிக்கரையை எட்டிய அந்தப் பாதையை அமைக்க இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 32,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் பஞ்சாபியர். சுமார் 2,500 பேர் நோயிலும் விபத்திலும் மாண்டார்கள். 1898-இல் சாவோ ஆற்றில் பாலம் கட்டியபோது பிடரிமயிர் இல்லாத இரண்டு ஆண்சிங்கங்கள் இரவில் கூடாரங்களில் புகுந்து ஆட்களை இழுத்துச் சென்றன. நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓட, வேலை மூன்று வாரம் நின்றது. டிசம்பரில் பேட்டர்சன் என்ற பொறியாளர் இரண்டையும் சுட்டுக் கொன்றார். அவர் எழுதிய புத்தகம் உலகப் புகழ்பெற்றது. சிங்கங்கள் பாடம் செய்யப்பட்டுச் சிக்காகோ அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கின்றன. இரையான தொழிலாளர்களை அந்தப் பாதையில் பயணம் செய்வோரில் எத்தனை பேர் நினைக்கிறார்கள்?

எனக்குச் சயாம் மரண இரயில்தான் நினைவுக்கு வந்தது. 1942, 43-இல் 415 கிலோமீட்டர் பாதைக்காக நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழரில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. இரயில் பாதை எந்த நாட்டில் நீண்டாலும் அதன் அடியில் ஏழையின் எலும்பு கிடக்கிறது.

தேனீ வேலி

வோய் நிலையத்தில் இறங்கி ஒரு நாள் தங்கினோம். அங்கே சகல்லா என்னும் மலையடிவார ஊரில் கண்டதை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். சாவோ யானைகள் இரவில் வந்து சோளக்கொல்லையை அழிக்கும். அதற்கு லூசி கிங் என்ற ஆய்வாளர் கண்ட வழி தேனீ! யானைக்குத் தேனீயென்றால் நடுக்கம். கண்ணோரத்திலும் துதிக்கைக்குள்ளும் கொட்டிவிடுமே! கொல்லையைச் சுற்றிக் கம்பங்கள் நட்டு, தேன்பெட்டிகளைத் தொங்கவிட்டு, ஒன்றோடொன்று கம்பியால் இணைக்கிறார்கள். யானை கம்பியில் இடித்தால் வரிசைப் பெட்டிகள் ஆடும். தேனீக்கள் சீறும். யானை திரும்பிவிடும். எல்லா யானையும் எல்லா நேரமும் திரும்பும் என்று அவர்களே சொல்வதில்லை. ஆனாலும் பெரும் சேதம் குறைந்திருக்கிறது, தேனும் விற்பனைக்குக் கிடைக்கிறது. செம்பனைக் கன்றையும் வாழையையும் யானையிடம் பறிகொடுக்கும் நம் ஊர்க்காரர்கள் இதைப் பற்றி யோசிக்கலாம்.

மொம்பாசாவில் பயணம் முடிந்தது. 1593-இல் போர்த்துக்கீசியர் கட்டத் தொடங்கிய இயேசு கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1511-இல் மலாக்காவைப் பிடித்த அதே கூட்டத்தார்தான். மலாக்காவில் கோட்டை வாசல் மட்டும் மிஞ்சியது. இங்கே கோட்டை முழுதாக இருக்கிறது.

வாசகர்களே! கென்யா எல்லாருக்கும் எட்டாது என்பதை அறிவேன். பகாங்கில் கோலா கண்டா யானைகள் காப்பகம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போங்கள். நம் காட்டு யானையும் சாவோ யானைக்குக் குறைந்ததல்ல.

இன்னொரு வேண்டுகோள். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அவர்களுடைய பெற்றோர் எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், யாரோடு வந்தார்கள் என்று கேட்டு, பெயர்களோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். சயாமுக்குப் போய் வராதவர் யாரேனும் இருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள். சாவோவில் மாண்டவர்களுக்கு அதைச் செய்ய ஆளில்லாமல் போயிற்று. நம்மவர்களுக்கு நாம் இருக்கிறோம்.